மிதவை நாட்கள்

பாபு ராவ் தெரு லாட்ஜில்
"பேஷண்ட் யாரும்மா?" என்றார் மேனேஜர்.
யாருமில்லை, எனக்கு நாளைக்குப் பரீட்சை என்றேன்.
பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்.
பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில் அறை எடுத்து
படிக்க வருகிறவர்களை
அவர் பார்த்ததில்லை போலும்.
'நோயாளிக்கு உறவு' என்ற கட்டத்தில்
கோடு ஒன்று இழுத்தார்.

வீட்டில் முடியாது.
சத்துவாச்சாரியில் எங்கள் பக்கத்து மனையில்
டைல்ஸ் வெட்டுகிறார்கள்.
முடித்திருக்க வேண்டிய தேதி போய்
மூன்று மாதம்.

தேர்வு விதி கண்டிப்பானது:
கேமரா பார்க்கும் அறையில்
இன்னோர் ஆள் கூடாது, குரல் கூடாது,
சுவரில் எழுத்து கூடாது.
முருகனை ஆணியிலிருந்து இறக்கி
மாதக் காலண்டரோடு
கட்டிலுக்கடியில் படுக்க வைத்தேன்.
கண்ணாடிக்குப் போர்வை.
காலி செய்யும் நேரம் சொல்லும்
வங்காளிப் பலகையைக் கழற்ற வரவில்லை,
அதற்கு என் துப்பட்டா.

நூற்றெண்பது கேள்வி, இருநூற்று முப்பது நிமிடம்.
பாதிக் கேள்விகளுக்கு ஒரே வால்:
திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஆறு மாதமாக மனப்பாடம்.
கத்தாதே.
மேலதிகாரியிடம் ஓடாதே.
பாதிப்பை அளந்து பார், குழுவிடம் பேசு.
உறுதி செய்யாத எதையும்
யாருக்கும் வாக்காகக் கொடுக்காதே.

ராணிப்பேட்டையில்
தோல் கழிவுநீர்த் தொட்டிக்கு அடித்த சென்ட்ரிங்
இரவோடு இரவாகச் சரிந்தபோது
நான் முதலில் செய்தது
தணிகைவேலுவைத் திட்டியது.
அடுத்து, கன்டெய்னர் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு
ஏசி சத்தத்தில் அழுதது.
யாருக்காவது அடிபட்டதா என்று
மூன்றாவதாகத்தான் கேட்டேன்.
அ, ஆ, இ, ஈ
நான்கிலும் அந்த வரிசை இல்லை.

ஒன்பது மணிக்கு
பக்கத்து அறை இருமத் தொடங்கியது.
பலகைச் சுவர். ஆண் இருமல்.
பழக்கதோஷத்தில் ஆபத்துப் பதிவேடு திறந்து எழுதினேன்:
இருமல். வாய்ப்பு: அதிகம். விளைவு: தேர்வு ரத்து.
எதிர்வினை:
தவிர், மாற்று, குறை, ஏற்றுக்கொள்.
அறை மாற்றச் சொல்லி
மேனேஜரிடம் போகச் செருப்பு மாட்டினேன்.

கதவைத் திறந்தால் ஒரு பெண்,
தட்டுவதற்குத் தூக்கிய கையோடு.
ஷெஃபாலி. மால்டாவிலிருந்து.
ஆஸ்பத்திரிச் சீட்டில்
ஒரு வரி இங்கிலீஷ் புரியவில்லையாம்.

சீட்டை நோட்டுக்குள் வைத்திருந்தாள்.
ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட நோட்டு.
திங்கள் ரத்தம், புதன் ஸ்கேன்,
வெள்ளி ரிப்போர்ட்டோடு டாக்டர்,
சனி ராத்திரி காட்பாடியில் ரயில்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே
கையில் மிஞ்சும் ரூபாய்.
கடைசிக் கட்டத்தில் நானூற்றுப் பத்து.
ரிப்போர்ட் ஒரு நாள் தள்ளினால்? என்றேன்
என் உடைந்த இந்தியில்.
விரலால் கட்டங்களைத் தொட்டுக்கொண்டே போனவள்
நோட்டின் ஓரத்துக்கு வந்து
தாளில்லாத இடத்தில் நிறுத்தினாள்.

மிதவை என்று ஒரு சூத்திரம் உண்டு.
தாமத ஆரம்பத்தில் முன் ஆரம்பத்தைக் கழிக்க வேண்டும்.
நாற்பது கணக்கு போட்டிருக்கிறேன்,
இரண்டுதான் தப்பு.

மேசையில் விரித்திருந்த என் வலைப்படத்தை,
நடுவில் சிவப்பாக ஓடும் நெருக்கடிப் பாதையை,
அவள் வெகு நேரம் பார்த்தாள்.
பிறகு தன் நெஞ்சில் கை வைத்து
மெதுவாகக் கேட்டாள்:
"ஹார்ட்?"
உங்களுக்கா, என்பதுபோல் முகம்.

நாளை விடியுமுன் டோக்கனுக்குப் போகிறார்களாம்,
மதியம் தாண்டித்தான் திரும்புவார்களாம்.
அதைக் கேட்டதும் எனக்குள்
அப்பாடா என்று ஒன்று உட்கார்ந்தது.
அவள் பார்த்திருக்க மாட்டாள்.

வெள்ளி என்ன தேதி என்றாள்.
முட்டி போட்டுக் கட்டிலுக்கடியில் கைவிட்டு
காலண்டரை இழுத்தேன்.
தரையிலேயே உட்கார்ந்து இருவரும் தேடினோம்.
வெள்ளிக் கட்டத்தில் குட்டியாக ஒரு வேல்.
இது என்ன?
கிருத்திகை.
லீவா? டாக்டர் வருவாரா அன்றைக்கு?

வருவார் என்றேன்,
யாரையும் விசாரிக்காமல்.